விழுந்தவர் எப்படி ஜெயித்தார்? ஃபிகர் ஸ்கேட்டிங்கில் வர்ணனையும் நடுவர் சாய்வும்

ஃபிகர் ஸ்கேட்டிங்கைப் புதிதாக டிவியில் பார்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். ஒருவர் தாவுகிறார், தொப்பென்று விழுகிறார். "ஐயோ, பதக்கம் போச்சு" என்கிறார் வர்ணனையாளர். அடுத்து வருபவர் பிசிறில்லாமல் ஆடி முடிக்கிறார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. மதிப்பெண் வரும்போது விழுந்தவர் மேலே இருக்கிறார், விழாதவர் கீழே இருக்கிறார். வர்ணனையாளர் திகைக்கிறார். நாமும் நடுவர்கள் விலைபோய்விட்டார்கள் என்று அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இந்தக் கோபம் எனக்கும் பழக்கமானதுதான். பல போட்டிகளைப் பார்த்து, மதிப்பெண் தாள்களை வரிவரியாகப் படித்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. நடுவர் சாய்வு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் வர்ணனையாளர் கொதிக்கிற இடத்தில் அது இருப்பது அபூர்வம். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கடந்துபோகிற இடத்தில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே வேலை செய்வது இரண்டு குழுக்கள். ஒன்று தொழில்நுட்பக் குழு. ஆடுபவர் செய்தது என்ன தாவல், முழுச் சுற்றும் சுற்றினாரா, ஸ்கேட் கத்தியின் சரியான விளிம்பிலிருந்து எழும்பினாரா என்று ரீப்ளே பார்த்து முடிவு செய்வது இவர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. சமீப ஆண்டுகளின் பட்டியலில் நான்கு சுற்று லட்ஸ் 11.5, மூன்று சுற்று ஆக்சல் 8.0, இரண்டு சுற்று ஆக்சல் 3.3. மற்றது, ஒன்பது பேர் கொண்ட நடுவர் குழு. செய்த விதம் எப்படி என்று தாவல், சுழல் போன்ற ஒவ்வொரு அம்சத்துக்கும் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை போடுவார்கள். ஒரு படி ஏறினால் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம் கூடும், இறங்கினால் குறையும். கடைசியில் முழு ஆட்டத்துக்கும் அமைப்பு, அளிக்கை, ஸ்கேட்டிங் திறன் என்ற மூன்று கூறுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று தருவார்கள்.

இப்போது அந்த விழுந்தவரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு சுற்று லட்ஸை முழுதாகச் சுற்றிவிட்டு இறங்கும்போது விழுந்தார் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 5 விழும். 11.5இல் பாதி போய் 5.75 மிஞ்சும். விழுந்ததற்குத் தனியாக 1 கழியும். கையில் நிற்பது 4.75. இரண்டு சுற்று ஆக்சலை அழகாகச் செய்து பிளஸ் 2 வாங்கியவருக்குக் கிடைப்பது 3.96. விழுந்தவர்தான் முன்னால் நிற்கிறார். இதில் எந்த நடுவரும் யாருக்கும் சாதகம் செய்யவில்லை. விதியே அப்படி. இந்த விதி நியாயமா என்று விவாதிக்கலாம். விழுந்தால் இன்னும் அதிகம் கழிய வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் விதியின் மீதுள்ள மனக்குறையை நடுவரின் நேர்மை மீது ஏற்றக் கூடாது.

வர்ணனையாளர் இதைச் சொல்வதில்லையா? சிலர் சொல்கிறார்கள். பலருக்கு நேரம் இல்லை. நான்கு நிமிட ஆட்டத்தில் ஆடுபவரின் காயம், குடும்பம், பயிற்சியாளர், இசை எல்லாவற்றையும் சொல்லி, நடுவில் ஒவ்வொரு தாவலின் பெயரையும் உச்சரிக்க வேண்டும். புதிய பார்வையாளருக்கும் புரிகிற ஒரே விஷயம் விழுதல். அதனால் வர்ணனை முழுவதும் விழுதலைச் சுற்றியே கட்டப்படுகிறது. நேயர் மனதில் ஃபிகர் ஸ்கேட்டிங் என்றாலே விழாமல் இருக்கும் போட்டி என்று பதிந்துவிடுகிறது.

இன்னொன்று பலருக்கும் தோன்றாது. டிவி காட்டுவதும் நடுவர் காண்பதும் ஒரே ஆட்டம் இல்லை. நடுவர்கள் பனித்தளத்தின் நீளப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்முன் முழுத் தளமும் விரிந்து கிடக்கிறது. ஒருவர் இரண்டே உந்தலில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடுகிறார், இன்னொருவர் அதே தூரத்துக்கு எட்டு முறை காலை உந்துகிறார் என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும். டிவியிலோ கேமரா ஆடுபவரோடு சேர்ந்தே நகர்கிறது. அவர் எப்போதும் திரையின் நடுவில்தான் நிற்கிறார், பின்னணி மட்டும் மங்கலாக ஓடுகிறது. வேகம் செத்துவிடுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறவரும் மெதுவாக உருளுகிறவரும் வீட்டுத் திரையில் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கேட்டிங் திறன் என்ற கூறில் ஒருவருக்கு 9.25, மற்றவருக்கு 8.00 என்று வரும்போது நமக்கு அது மர்மமாகத் தெரிவதற்கு இதுவே பெரிய காரணம். நேரில் ஒருமுறை பார்த்தவர்கள் அதன் பிறகு இந்தக் கூறைப் பற்றிப் பேசுகிற விதமே மாறிவிடும். பல வர்ணனையாளர்களும் போட்டி நடக்கும் ஊருக்குப் போவதில்லை. தங்கள் நாட்டு ஸ்டுடியோவில் அமர்ந்து, நாம் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

தொழில்நுட்பக் குழுவுக்கு நேர்மாறான சிக்கல். அவர்கள் ரீப்ளே பார்ப்பது பெரும்பாலும் ஒரே கோணத்தில். சுற்றில் கால் பங்கு குறைந்ததா என்பது, தாவல் தளத்தின் எந்த மூலையில் விழுகிறது என்பதைப் பொறுத்துத் தெளிவாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். டிவியில் வேறு கோணத்தில், மெதுவாக ஓடும் ரீப்ளேயில் நமக்குக் குறை பளிச்சென்று தெரியும். "இதைக்கூடப் பார்க்கவில்லையா?" என்று கொதிப்போம். அவர்களுக்கு அந்தக் கோணம் கிடைத்திருக்காது.

இதெல்லாம் நடுவர்களுக்காக நான் வாதாடுவதுபோல் தோன்றலாம். இல்லை. இந்த விளையாட்டின் வரலாற்றில் அழுக்கு நிறைய இருக்கிறது.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், ஜோடிப் பிரிவு. ரஷ்யாவின் எலீனா பெரெஷ்னயா, ஆன்டன் சிகாருலிட்சே ஜோடி ஆடியபோது சிகாருலிட்சே ஒரு தாவலில் தடுமாறினார். கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்டியே ஜோடி பிழையின்றி ஆடியது. நடுவர்கள் 5க்கு 4 என்று பிரிந்து ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் கொடுத்தார்கள். ரஷ்யா, சீனா, போலந்து, உக்ரைன், பிரான்ஸ் நடுவர்கள் ஒரு பக்கம். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஜப்பான் நடுவர்கள் மறுபக்கம். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வர்ணனை செய்தவர்கள் 1984 ஒலிம்பிக் சாம்பியன் ஸ்காட் ஹாமில்டனும், கனடாவைச் சேர்ந்த நடன அமைப்பாளர் சாண்ட்ரா பெசிக்கும். இருவரும் நேரலையிலேயே முடிவை ஏற்க மறுத்தார்கள். அவர்களின் அதிர்ச்சி சில மணி நேரத்தில் வட அமெரிக்கா முழுவதன் அதிர்ச்சியாக மாறியது.

பிறகு வந்தது வெடிகுண்டு. பிரான்ஸ் நடுவர் மாரி ரெய்ன் லெ கூன், தன் நாட்டு ஸ்கேட்டிங் சங்கத் தலைவர் தனக்கு அழுத்தம் கொடுத்தார் என்று சொன்னதாகத் தகவல் வெளியானது. ஐஸ் டான்ஸ் பிரிவில் பிரெஞ்சு ஜோடிக்கு ரஷ்ய ஆதரவு கிடைப்பதற்குக் கைமாறாக இங்கே ரஷ்யாவுக்கு வாக்கு என்பது குற்றச்சாட்டு. பின்னர் அவர் அதை மறுத்தார். நடுவருக்கும் சங்கத் தலைவருக்கும் மூன்று ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் தரப்பட்டது.

இந்தக் கதையில் எல்லோரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. பேரம் நடந்தது என்ற குற்றச்சாட்டு வேறு, ரஷ்ய ஜோடி ஜெயித்திருக்கவே முடியாது என்பது வேறு. அவர்களின் ஆட்டத்தில் வேகமும் அசைவுகளுக்கு இடையேயான இணைப்புகளின் கடினமும் அதிகம் என்று அன்றே வாதிட்டவர்கள் இருந்தார்கள். டிவி நேயர்களின் மனதில் அந்தத் தடுமாற்றம் மட்டுமே தங்கியது. வர்ணனையாளர்கள் முறைகேட்டை மோப்பம் பிடித்தது சரியாகவே அமைந்தது. ஆனால் அவர்கள் சுட்டிக்காட்டிய சான்று மட்டும் போதுமானது இல்லை. சரியான முடிவுக்கு அரைகுறையான காரணத்தோடு வந்தால், அடுத்த முறை அதே காரணத்தை வைத்துத் தவறான முடிவுக்கும் போய்விடுவோம்.

அன்று இருந்தது 6.0 முறை. ஒவ்வொரு நடுவரும் தொழில்நுட்பத்துக்கு ஒன்று, கலைக்கு ஒன்று என்று இரண்டு எண் தருவார். அந்த எண்களுக்குத் தனி அர்த்தம் இல்லை. யாரை எத்தனையாவது இடத்தில் வைத்தார் என்பதுதான் கணக்கு. முதலில் ஆடியவருக்கு 5.9 கொடுத்துவிட்டால் பின்னால் வருபவருக்கு இடம் இருக்காது என்பதால் ஆரம்பத்தில் ஆடுகிறவர்களுக்கு எண்ணை அடக்கியே வாசித்தார்கள். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜேன் டோர்வில், கிறிஸ்டோபர் டீன் ஜோடிக்கு ஒன்பது நடுவர்களும் கலைக்கு 6.0 கொடுத்ததை இன்றும் பேசுகிறோம். அதே முறையில்தான் ஒரு 5.7க்கும் 5.8க்கும் உள்ள வித்தியாசத்தை யாராலும் விளக்கிச் சொல்ல முடியாமலும் இருந்தது.

ஊழலுக்குப் பின் வந்த புதிய முறையில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ஒரு விசித்திரமான மருந்தையும் சேர்த்தது. எந்த நடுவர் எந்த மதிப்பெண் தந்தார் என்பதை மறைத்துவிட்டார்கள். பெயர் தெரியாவிட்டால் சொந்த நாட்டுச் சங்கம் மிரட்ட முடியாது என்பது எண்ணம். அழுத்தம் தருகிறவரிடமிருந்து நடுவரைக் காப்பாற்ற நினைத்து, பார்வையாளரிடமிருந்தும் மறைத்துவிட்டார்கள். எரிக் சிட்செவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, இந்தச் சீர்திருத்தத்துக்குப் பின் தேசச் சாய்வு குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது என்று கண்டார். 2016இல்தான் அந்தத் திரை விலக்கப்பட்டது.

அதே அறிஞரின் இன்னொரு ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. சரிவில் சறுக்கி வந்து தாவும் ஸ்கீ ஜம்பிங்கிலும் நடுவர்கள் தம் நாட்டவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறார்கள். ஆனால் அங்கே மற்ற நடுவர்கள் அதை ஈடுகட்டும் விதமாகக் குறைத்துப் போடுகிறார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அப்படி இல்லை, அணி சேரும் போக்குத் தெரிந்தது. காரணமும் எளிது. ஸ்கீ ஜம்பிங்கில் நடுவர்களைத் தேர்ந்தெடுப்பது சர்வதேச அமைப்பு. ஸ்கேட்டிங்கில் அவர்களை அனுப்புவது தேசியச் சங்கங்கள். தன்னை அடுத்த போட்டிக்கும் அனுப்பப்போவது யார் என்பது நடுவருக்குத் தெரியும். தனிமனித நேர்மையைக் காட்டிலும் இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இன்றைய முறையில் சாய்வு எப்படி வேலை செய்யும்? ஒன்பது எண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதி ஏழின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். அதனால் ஒருவர் அளவுக்கு மீறிப் போட்டாலும் அது கழிந்துவிடும் என்று வர்ணனையாளர்கள் அடிக்கடி ஆறுதல் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரு கூறுக்கு எட்டு நடுவர்கள் 8.50, 8.75, 8.75, 9.00, 9.00, 9.00, 9.00, 9.25 என்று தந்திருக்கிறார்கள். ஒன்பதாமவர் நியாயமாக 9.00 தந்தால், 8.50உம் 9.25உம் நீங்கி, சராசரி 8.93. அவர் வேண்டுமென்றே 10.00 தந்தால்? அந்த 10 நீங்கிவிடும். ஆனால் முன்பு நீங்கிய 9.25 இப்போது உள்ளே வந்துவிடுகிறது. சராசரி 8.96 ஆகிறது. ஃப்ரீ ஸ்கேட் என்ற இரண்டாவது, நீண்ட ஆட்டத்தில் பெண்களுக்குக் கூறுகளைப் பெருக்கும் எண் 2.67. மூன்று கூறுகளிலும் இதையே செய்தால் ஏறக்குறைய 0.29 புள்ளி. அதோடு ஒவ்வொரு தாவலிலும் சுழலிலும் ஒரு படி கூடுதல், போட்டியாளருக்கு ஒரு படி குறைவு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் செய்தாலே பதக்கம் இடம் மாறும் அளவுக்கு நெருக்கமான போட்டிகள் உண்டு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஆண்கள் தங்கத்தை முடிவு செய்தது 1.31 புள்ளி: எவன் லைசாசெக் 257.67, யெவ்கேனி பிளுஷெங்கோ 256.36.

இப்போது வர்ணனையை நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு படி, அரைப் படி எங்கேயாவது பேசப்படுகிறதா? விழுந்த தாவலை ஐந்து முறை காட்டுவார்கள். நன்றாகச் செய்த சுழலுக்கு ஒருவர் பிளஸ் 5உம் இன்னொருவர் பிளஸ் 2உம் போட்டது எந்த ஒளிபரப்பிலும் செய்தியே இல்லை. தப்பைத் தப்பு இல்லை என்று சொல்கிற நடுவர் உடனே மாட்டிக்கொள்வார். நல்லதை மிக நல்லது என்று சொல்கிற நடுவரைக் கேட்பார் யாருமில்லை.

2014 சோச்சி ஒலிம்பிக்கின் பெண்கள் பிரிவு இதற்கு நல்ல பாடம். ஷார்ட் புரோகிராம் என்ற முதல், குறுகிய ஆட்டத்தில் தென்கொரியாவின் யுனா கிம் 74.92, ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 74.64. ஃப்ரீ ஸ்கேட்டில் சோட்னிகோவா 149.95, கிம் 144.19. தங்கம் சோட்னிகோவாவுக்கு. அவர் அடுத்தடுத்துச் செய்யும் ஒரு கூட்டுத் தாவலின் முடிவில் தடுமாறியிருந்தார். கிம் எங்கும் தடுமாறவில்லை. விவாதம் உடனே தடுமாற்றத்தின் மீது பாய்ந்தது. ஆனால் சோட்னிகோவா 7 மூன்று சுற்றுத் தாவல்கள் செய்தார், கிம் 6. அடிப்படை மதிப்பிலேயே அவர் முன்னிலையில் இருந்தார். உண்மையான கேள்வி வேறு: கூறு மதிப்பெண்களில் அதுவரை கிம்முக்கு இணையாக யாரும் வைத்துப் பார்க்காத ஒருவர், அன்று கிட்டத்தட்ட அதே எண்ணைப் பெற்றது எப்படி? நடுவர் குழுவில் ரஷ்யச் சங்க உயர் அதிகாரியின் மனைவி இருந்தார். 1998 நாகானோ ஒலிம்பிக் விவகாரத்தில், முடிவுகளை முன்கூட்டியே தொலைபேசியில் பேசிப் பதிவாகித் தடை பெற்ற உக்ரைன் நடுவரும் இருந்தார். யார் எந்த எண் போட்டார் என்பது மறைக்கப்பட்ட காலம் என்பதால் சந்தேகத்தை நிரூபிக்கவும் முடியவில்லை, போக்கவும் முடியவில்லை. சோட்னிகோவாவுக்கும் இது அநியாயம்தான். வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடிவிட்டு, அதன்மேல் படிந்த நிழலை அவர் துடைக்கவே முடியவில்லை.

பெயர்கள் வெளியே வந்த பின் நிலைமை மாறியது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் தம் நாட்டவருக்குச் சாதகமாகவும் எதிராளிகளுக்குப் பாதகமாகவும் மதிப்பிட்டதாக இரண்டு சீன நடுவர்கள் தடை செய்யப்பட்டார்கள். எண்கள் கண்முன் இருந்ததால் இது சாத்தியமானது.

எல்லாச் சாய்வும் நாட்டுப் பற்றால் வருவதில்லை. பெயர் பெற்றவருக்குப் பெயரே மதிப்பெண் வாங்கித் தரும். நடுவர்கள் அதிகாரபூர்வப் பயிற்சி நேரங்களிலும் வந்து பார்ப்பதால், போட்டி தொடங்கும் முன்பே யார் எந்தத் தரம் என்று ஒரு படம் மனதில் விழுந்துவிடுகிறது. ஃப்ரீ ஸ்கேட்டில் பின்தங்கியவர்கள் முதலிலும் முன்னணியினர் கடைசியிலும் ஆடுவதும் அந்தப் படத்துக்குச் சாதகம். இன்னொரு சங்கடமும் உண்டு: நடுவர்களின் எண்கள் குழுவின் சராசரியோடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்யப்படுகின்றன. மிகவும் விலகினால் விளக்கம் சொல்ல வேண்டும். அறியப்படாத ஒருவர் அசாத்தியமாக ஆடினால், மற்றவர்கள் என்ன போடுவார்கள் என்று ஊகித்துப் பக்கத்திலேயே நின்றுகொள்வதுதான் பாதுகாப்பு. கெட்டவனைத் தடுக்க வைத்த வேலி துணிச்சலானவரையும் தடுக்கிறது.

இந்தப் பெயர் விவகாரத்தில் வர்ணனைக்கும் பங்கு உண்டு. ஒருவரை ஆண்டாண்டாக எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. பிரான்சின் சூர்யா பொனாலி 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். அவர் ஆடிய காலமெல்லாம் பலம், உடற்பயிற்சி வீராங்கனை என்ற சொற்களே அவர் கூடவே வந்தன. நளினம் என்ற சொல் மற்றவர்களுக்குப் போனது. 1994 உலகப் போட்டியில் 5க்கு 4 என்ற பிரிவில் ஜப்பானின் யூகா சாட்டோவிடம் தோற்றபோது, மேடையில் ஏற மறுத்து, போட்ட பதக்கத்தைக் கழற்றினார். அந்தத் தனி முடிவு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கறுப்பினப் பெண் ஒருவர் தாவலில் எல்லோரையும் மிஞ்சியபோது, அந்தத் திறமையே கலைக்குப் பகை என்பதுபோல் பேசப்பட்டதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

வர்ணனையாளர் கருத்தே சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. 1948, 1952 ஒலிம்பிக் சாம்பியன் டிக் பட்டன் பல பத்தாண்டுகள் அமெரிக்க டிவியில் பேசினார். ஒளிவுமறைவில்லாத அபிப்பிராயக்காரர். ஆனால் சுழலில் கால்விரல் நீளவில்லை, முதுகு வளையவில்லை என்று இடம் சுட்டிச் சொல்வார். அதைக் கேட்டு நாமே பார்த்து ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். "இது கொள்ளை" என்று மட்டும் சொல்கிறவரிடம் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

அடுத்த பெரிய போட்டியைப் பார்க்கும்போது இப்படிச் செய்து பாருங்கள். திரை ஓரத்தில் ஓடும் தொழில்நுட்ப எண்ணையும், மறுபரிசீலனைக்குப் போகும் அம்சத்துக்கு அருகே வரும் மஞ்சள் கட்டத்தையும் கவனியுங்கள். குரல் கொண்டாடும்போதே அங்கே மஞ்சள் எரியும். போட்டி முடிந்ததும் முழு மதிப்பெண் தாள் இணையத்தில் வெளியாகும். ஒவ்வொரு வரியும் ஓர் அம்சம், வலப்பக்கம் ஒன்பது நடுவர்களுக்கு ஒன்பது நெடுவரிசை. நடுவர்களின் பெயர்ப் பட்டியல் தனிப் பக்கத்தில் அதே வரிசையில் இருக்கும். முன்னணியில் உள்ள இருவரின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர்களில் ஒருவரின் நாட்டைச் சேர்ந்த நடுவரின் நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரு தாவலுக்கு ஒரு பிளஸ் கூடியிருந்தால் அது ரசனை. பன்னிரண்டு வரியிலும் தன்னவருக்கு ஒரு படி மேலே, மூன்று கூறுகளிலும் அரைப் புள்ளி மேலே, அடுத்த தாளில் எதிராளிக்கு அதே அளவு கீழே என்று வந்தால், அன்றைய வர்ணனையில் யாரும் பேசாத விஷயம் உங்கள் கையில் இருக்கிறது.